கார்டு வாங்கும் முன் அந்தச் சிவப்புக் கேபிளைக் கழற்றுங்கள்

வாசகர் கேள்வி:

"நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் கம்ப்யூட்டர் 2012ல் வாங்கியது: எச்61 போர்டு, ஐ3, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ், விண்டோஸ் 10. சில மாதமாக போட்டோக்களைக் காப்பி போட்டால் பாதியில் நின்று நின்று போகிறது. சில நேரம் எல்லாமே உறைந்துபோய், அரை நிமிஷம் கழித்துத் தானாகச் சரியாகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். நீல நிறத்தில் 'குட்' என்று காட்டுகிறது. 05, சி5, சி6 எல்லாம் பூஜ்யம். சி7 என்ற வரியில் மட்டும் 3ஏ7 என்று என்னவோ இருக்கிறது. ஓடிய நேரம் 21,000 மணி. கடைக்காரர், 'போர்டில் சாட்டா கன்ட்ரோலர் போயிருச்சு, நாலு போர்ட் ரெய்டு கார்டு ஒண்ணும் 2 டிபி டிஸ்க் ரெண்டும் போட்டுக்கங்க, ஒரு டிஸ்க் போனாலும் போட்டோ போகாது' என்கிறார். மருமகனோ, 'அதெல்லாம் எதுக்கு மாமா, என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு கார்டுல மாட்டினா பறக்கும்' என்கிறார். எந்தக் கார்டு, எந்த டிஸ்க் வாங்கட்டும்? 2005ல் எடுத்த குடும்பப் படங்கள் ஒரு பழைய 40 ஜிபி ஐடிஇ டிஸ்கில் கிடக்கின்றன. அதையும் இந்தக் கார்டிலேயே மாட்டலாமா?"

பதில்:

சார், கார்டு எதுவும் இப்போது வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது, அந்த 3ஏ7ல். டிஸ்கின் நலம் பார்க்கும் அந்த மென்பொருள் எண்களைப் பதினாறு அடிமானத்தில் காட்டும். 3×256, 10×16, அதோடு 7, ஆக 935. கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சி7 என்பது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் போகும்போது எத்தனை தடவை பிசகியது என்ற கணக்கு. ஒவ்வொரு தகவல் பொதியையும் பெறுகிற முனை சரிபார்க்கும்; கணக்கு ஒத்துவராவிட்டால் 'மறுபடி அனுப்பு' என்னும். மறுபடி மறுபடி அனுப்பும் அந்த நேரம்தான் நீங்கள் பார்க்கிற உறைதல். தகடு கெட்டிருந்தால் 05லும் சி5லும் எண் ஏறியிருக்கும். அவை பூஜ்யம் என்பதால் தகட்டைப் பற்றி இப்போதைக்குக் கவலை இல்லை. 'குட்' என்று நீலத்தில் காட்டுவதும் முக்கியமாக 05, சி5, சி6 மூன்றையும் வைத்துத்தான். சி7 ஏறினாலும் அந்த நிறம் பெரும்பாலும் மாறாது. கடைக்காரர் நீலத்தைப் பார்த்து, 'டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, அப்ப போர்டுதான்' என்ற முடிவுக்கு வந்திருப்பார்.

நடுவில் இருப்பது ஒரு சாட்டா கேபிள், டிஸ்கையும் போர்டையும் இணைக்கும் தகவல் கம்பி. 2012ல் போர்டோடு டப்பாவில் வந்த சிவப்புக் கேபிளாகத்தான் இருக்கும், பெரும்பாலும் முனையில் பூட்டுக் கம்பி இல்லாத ரகம். உங்கள் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் துலாமாச (ஐப்பசி) மழையிலும் ஈரம் பட்டுப் பட்டு முனைகள் மங்கிவிடும். கேபினெட்டைத் திறந்தால் உள்ளே எறும்பும் பல்லி முட்டையும் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அந்தக் கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு முனையிலும் 'கிளிக்' என்று பூட்டும் புதுக் கேபிள் ஒன்று மாட்டுங்கள். அரை மீட்டர் போதும். நீளம் கூடக்கூடத் தொல்லைதான், ஒரு மீட்டருக்கு மேல் சாட்டா விதியே அனுமதிப்பதில்லை. மாட்டும்போதே போர்டில் வேறு போர்ட்டுக்கும் மாற்றிவிடுங்கள். பிறகு 935 என்ற எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அது திரும்ப பூஜ்யத்துக்கு வராது, டிஸ்கின் ஆயுள் முழுக்க அங்கேயேதான் இருக்கும். நமக்கு வேண்டியது அது இனிமேல் ஏறுகிறதா என்பது மட்டும். பெரிய கோப்பு நாலைந்தைக் காப்பி போட்டுப் பாருங்கள். அந்த எண் 935லேயே நின்றால் வேலை முடிந்தது. புதுக் கேபிள், வேறு போர்ட், அப்படியும் ஏறினால், அப்போது எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியையும் டிஸ்கின் அடியிலுள்ள பச்சைப் பலகையையும் சந்தேகிக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடைக்காரர் சொன்னபடி கார்டு வாங்கியிருந்தால் அதோடு புதுக் கேபிளும் டப்பாவில் வந்திருக்கும். மாட்டியதும் உறைதல் நின்றிருக்கும். 'பாத்தீங்களா, கன்ட்ரோலர்தான்' என்று அவரும் சொல்லியிருப்பார், நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் பாதி நோய்க் கணிப்பு இப்படி மாத்திரை வேலை செய்ததை வைத்து நடப்பதுதான்.

கன்ட்ரோலர் என்று நாம் சொல்வது எதை என்பதிலும் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் டிஸ்க் வெறும் தகடும் மோட்டாரும்தான். அதை ஓட்டும் மூளை முழுக்கத் தனிக் கார்டில் இருந்தது. டிஸ்கை ஒரு கார்டிலிருந்து இன்னொரு வகைக் கார்டுக்கு மாற்றினால் தகவல் படிக்காது. 1986 வாக்கில், சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ இணைப்பு முறை வந்தபோது அந்த மூளையை டிஸ்கின் அடியிலேயே ஒட்டிவிட்டார்கள். இன்று போர்டில் இருப்பதும், கார்டாகக் கடையில் விற்பதும் தகவல் போகவர ஒரு வாசல், அவ்வளவுதான். வாசல் அகலமாக இருப்பதால் மட்டும் டிஸ்க் வேகமாக ஓடாது.

உங்கள் எச்61 சிப்பில் நாலு சாட்டா வாசல்கள் இருக்கின்றன. டிஸ்க் ஒன்று, டிவிடி ஒன்று, இரண்டு காலி. நாலுமே 3 கிகாபிட் வேகம், அதாவது நொடிக்கு 300 மெகாபைட் வரை. கார்டுக்காரர்கள் '6 கிகாபிட்' என்று பெட்டியில் பெரிதாக அச்சடிப்பார்கள். 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒன்று, எல்லாம் நல்லபடி அமைந்தாலும், நொடிக்கு 150 முதல் 200 மெகாபைட் சொச்சம்தான் தரும். 300 வாசலே அதற்குத் தாராளம்.

சுழலும் தகடு இல்லாமல் சிப்பிலேயே பதியும் எஸ்எஸ்டிக்கு மட்டும் அந்த வாசல் கொஞ்சம் குறுகல்தான். 550 வரை தரக்கூடியது 270 பக்கம் நிற்கும். ஆனால் எஸ்எஸ்டி போட்டதும் கம்ப்யூட்டர் இளமையாகத் தெரிவது அந்த 550ஆல் இல்லை. 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரி அரைச் சுற்று, 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லிநொடி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை இப்படி நொடிக்கு எண்பதுக்குள்தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து வருவதே இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்துத்தான். எஸ்எஸ்டிக்குச் சுற்றவும் வேண்டாம், நகரவும் வேண்டாம். பழைய 3 கிகாபிட் வாசலிலேயே நொடிக்குப் பல ஆயிரம் எடுத்துக் கொடுக்கும்.

அதனால் மருமகன் சொன்னதில் பாதி சரி. எஸ்எஸ்டி வேண்டும், சாட்டா வழியில் போகாத என்விஎம்இ ரகம் வேண்டாம். எச்61 காலத்து பயாஸுக்கு (கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. கார்டில் மாட்டினால் விண்டோஸ் உள்ளே போனபிறகு ஒரு டிரைவாகத் தெரியலாம்; அதிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்து வராது. பயாஸைத் திருத்தி எழுதும் வித்தைகள் உண்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த விஷப் பரீட்சை எதற்கு? போதாததற்கு, போர்டில் கார்டு மாட்டும் அந்தச் சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 500 மெகாபைட். 2.5 அங்குல சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, 250 அல்லது 500 ஜிபியில், பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக ஒன்று வாங்குங்கள். விண்டோஸும் மென்பொருள்களும் அதில் இருக்கட்டும். போடும் முன் பயாஸில் சாட்டா மோடு, புதிய முறையான ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பல ஐடிஇ மோடில் வந்தவை. புதிதாக விண்டோஸ் ஏற்றுவதாக இருந்தால் முதலிலேயே மாற்றிவிட்டு ஏற்றலாம். இருக்கிற விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதாக இருந்தால், விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் வழியாக சேஃப் மோடு வைத்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் எழுந்தபிறகு அந்த சேஃப் மோடை மட்டும் எடுத்துவிடுங்கள். நேரடியாக மாற்றினால் நீலத் திரைதான் வரும்.

கடைக்காரரின் ரெய்டுக்கு வருவோம். இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவல், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டில் போட்டோ எப்படிப் போகிறது என்று பாருங்கள். பேரன் ஃபோல்டரை டெலிட் செய்துவிடுவான்; அந்த நொடியே இரண்டிலும் போய்விடும். வைரஸ் வந்து எல்லாவற்றையும் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். துலாமாசத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இடி இறங்கினால் ஒரே கேபினெட்டில், ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் தொங்கும் இரண்டும் சேர்ந்துதான் போகும். எல்லாவற்றுக்கும் மேல், மலிவு ரெய்டு கார்டு செத்துவிட்டால் அதே ரகக் கார்டைத் தேடி அலைய வேண்டிவரலாம். ஆபீஸில் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக வந்தது ரெய்டு. உங்கள் வீட்டில் ஒரு நாள் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் குடி முழுகாது. படம் போனால்தான் போயிற்று.

இரண்டாவது டிஸ்குக்கு ஒதுக்கிய பணத்தில் வெளியே வைக்கும் யுஎஸ்பி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். மாதம் ஒரு தடவை மாட்டி, நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ மகள் வீடு இருந்தால் இன்னொரு நகல் அங்கே போகட்டும். கழற்றி வைத்த டிஸ்கை எந்த இடியும் தொடாது. இந்த வேலைக்கு எஸ்எஸ்டி வாங்காதீர்கள். கரண்ட் இல்லாமல் சும்மா கிடந்தால் எஸ்எஸ்டியில் பதிந்தது மெல்ல மெல்லக் கரையும். ஜெடெக் என்ற தர அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்குக் கேட்பதே, எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான். புதுசு அதைவிட அதிக நாள் தாங்கும். ஆனால் பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் 40 டிகிரியை நாம் பார்த்திருக்கிறோம். சூட்டில் அந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

இனி உள்ளே மாட்டும் பெரிய டிஸ்க். 21,000 மணி ஓடிய பழையது, கேபிள் மாற்றியதும் நன்றாக நடந்தாலும், வயதான டிஸ்க்தான். அதை நம்பி ஒரே நகலை வைக்க வேண்டாம். புதிது வாங்கும்போது நிறத்தையும் பெயரையும் பார்த்து வாங்காமல், சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று கேட்டு வாங்குங்கள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆர் டிஸ்கில் ஓட்டுக்கூரை வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓடு மாற்ற மேலே உள்ள வரிசையையும் நகர்த்த வேண்டியதுபோல, ஒரு தடத்தில் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும், தன் ஒதுக்கிடம் நிரம்பியதும் நொண்டும். படத்தை ஒரு தடவை எழுதி வருடக்கணக்கில் பார்ப்பதற்கு எஸ்எம்ஆர் பாவமில்லை. விலை குறைவு என்றால் வெளியே வைக்கும் டிஸ்க் அப்படி இருக்கட்டும், அநேகமாக அப்படித்தான் இருக்கும். உள்ளே தினமும் எழுதும் டிஸ்குக்கு சிஎம்ஆர் நல்லது.

இதைக் கடையில் கேட்டால் சிலர் விழிப்பார்கள். கம்பெனிகளே மறைத்த விஷயம்தான் இது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையுள்ள மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தது 2020ல் வெளியே வந்து பெரிய சத்தமானது. அதன்பிறகு அவர்களும் சீகேட்டும் எந்த மாடல் எது என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். லேபிளில் உள்ள மாடல் எண்ணை அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தேடச் சோம்பலாக இருந்தால் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ் அல்லது சீகேட்டின் அயர்ன்வுல்ஃப். இரண்டும் சிஎம்ஆர், மூன்று வருட வாரண்டி. சாதாரண புளூவுக்கும் பாரகுடாவுக்கும் இரண்டு வருடம்தான். வாரண்டி என்பது இரும்புக்கு மட்டும், உள்ளே இருந்த கல்யாண வீடியோவுக்குக் கிடையாது.

அளவு 2 டிபி போதும், உங்கள் போர்டுக்கு அது வசதியும்கூட. பழைய முறைப் பகுப்பில் ஒரு டிஸ்கில் 2ன் 32ஆம் அடுக்கு துண்டுகளைத்தான் எண்ண முடியும், துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 2,199,023,255,552. 2 டிபி அதற்குள் அடங்கிவிடும். 4 டிபி வாங்கினால் ஜிபிடி என்ற புதிய முறையில் பகுக்க வேண்டும். படம் வைக்க மட்டும் என்றால் விண்டோஸ் 10க்கு அதிலும் சிரமமில்லை. 2 டிபி வாங்கிவிட்டு, விண்டோஸ் 1.81 என்றுதான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி பத்தின் அடுக்கில் எண்ணுகிறது, விண்டோஸ் இரண்டின் அடுக்கில்.

பொள்ளாச்சியில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் ஜிஎஸ்டி அதே 18 சதவீதம். வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டி வந்து வாங்குவதில் வரி லாபம் ஒன்றுமில்லை, கைக்கு எட்டும் கடையில் வாங்குங்கள். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி எதுவரை என்று வரும். வீட்டுக்கு வந்து மாட்டியதும் முதல் வேலையாக ஓடிய மணியைப் பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யமோ ஒன்றிரண்டோதான் இருக்கும். அதையும் அழித்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இப்படிப் பழைய சர்வர் டிஸ்குகளைப் புதுசாக விற்றது பிடிபட்டது. அதனால் லேபிளில் கீறலோ, ஸ்க்ரூ துளையைச் சுற்றி மாட்டிக் கழற்றிய தடமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு டிரைவ் கூடும்போது சாட்டா பவர் முனை போதாமல் போகலாம். கடையில், பழைய நாலு முனை பிளக்கிலிருந்து சாட்டா பவர் எடுக்கும் மோலக்ஸ் கன்வெர்ட்டர் ஒன்றைச் சாதாரணமாக எடுத்து மாட்டிவிடுவார்கள். முனை பிளாஸ்டிக்கில் வார்த்து கம்பிகள் உள்ளே புதைந்த ரகம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி, சூடேறி, தீப்பிடித்த கதைகள் நிறைய. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும்படி அழுத்திப் பிடித்த ரகம் கேளுங்கள். சின்ன சாமான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கார்டு எப்போதுதான் தேவை? இடியில் போர்டின் சாட்டா வாசல்கள் நிஜமாகவே போனால், அல்லது நாலுக்கு மேல் டிஸ்க் வந்தால். அப்போதும் ரெய்டு என்ற சொல் இல்லாத சாதாரணக் கார்டு. இரண்டு வாசல் போதுமென்றால் ஏஎஸ்மீடியா 1061 சிப் உள்ளது, எக்ஸ்1 ஸ்லாட்டிலேயே உட்காரும். ஐந்தாறு வாசல் வேண்டுமென்றால் ஜேமைக்ரான் 585 அல்லது ஏஎஸ்மீடியா 1166. இவற்றுக்குப் பெரிய ஸ்லாட் வேண்டும், கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அந்த நீள ஸ்லாட்டில் போடலாம். பத்து, பதினாறு வாசல் என்று மலிவாக வருபவை ஒரே வாசலைப் பங்கு போட்டுத் தருபவை, பக்கத்திலேயே போகாதீர்கள். சர்வரிலிருந்து கழற்றி விற்கும் எல்எஸ்ஐ கார்டுகள் தரமானவைதான், ஆனால் கொதிக்கும். தனி மின்விசிறி கேட்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது, உங்கள் ஐ3க்கு விண்டோஸ் 11 முறைப்படி வராது. இந்த போர்டில் மட்டுமே பயன்படும் எதற்கும் பணம் போடாமல், நாளை வேறு கம்ப்யூட்டருக்குக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எஸ்டிக்கும் டிஸ்குக்கும் போடுவது அதனால்தான். இதே பெட்டியை இன்னும் சில வருடம் ஓட்ட வேண்டுமென்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் ஏற்றலாம். கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வித் திட்டமான ஐடி அட் ஸ்கூல் காலத்திலிருந்து, இப்போது கைட் என்று பெயர் மாறியது வரை, லினக்ஸோடு இருந்த ஆசிரியர்களுக்கு நான் அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக அந்த 40 ஜிபி. எச்61 சிப்பிலும் ஐடிஇ இல்லை, கடைக்காரர் சொன்ன சாட்டா கார்டிலும் இருக்காது. ஒரு தடவை நகலெடுக்கத் தனிக் கார்டும் வேண்டாம். தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் ஐடிஇ–யுஎஸ்பி கன்வெர்ட்டர் போதும். கடையில் இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். டிஸ்கின் பின்பக்க ஜம்பரை (முள்களில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் மூடி) மாஸ்டரில் வையுங்கள். நாலு முனை பவர் பிளக்கைச் சாய்ந்த மூலைகள் பொருந்தும்படி மெதுவாகச் சொருகுங்கள். பலவந்தமாகத் திருப்பிப் போட்டால் மஞ்சளில் வரும் 12 வோல்ட், சிவப்பின் 5 வோல்ட் இடத்துக்குப் போய் டிஸ்க் அந்த நிமிஷமே கருகும். மாட்டியதும் விண்டோஸ் 'ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதலில் படங்களை மட்டும் இழுத்துப் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. 'டிக் டிக்' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே கரண்டை நிறுத்திவிடுங்கள், மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். அதற்குமேல் அது டேட்டா ரெக்கவரி செய்பவர்களின் வேலை.